ஈறு ரணமும் காப்புப் பற்றும்

பல் ஆஸ்பத்திரியில் ஈறுகளில் ரண சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர், கண்ணாடி முன் நின்று உதட்டை விலக்கிப் பார்த்ததும் திடுக்கிடுவது இயல்பு. பற்களைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில், மென்று ஒட்டிய மிட்டாயைப் போல ஏதோ ஒன்று அப்பிக் கிடக்கும். அதே நாளில் அதே இடத்தில் சிகிச்சை பெற்ற மற்றொருவர் வாயிலோ நாலைந்து தையல்களைத் தவிர வேறொன்றும் இராது. இருவரும் சந்தித்துப் பேசிக்கொண்டால் இருவருக்குமே ஐயம் எழும். முன்னவர், தமக்கு நோய் முற்றிவிட்டதோ என்று அஞ்சுவார். பின்னவர், மொழி தெரியாத வெளியூர்க்காரன் என்று தம்மை அசட்டை செய்துவிட்டார்களோ என்று மனம் புழுங்குவார். சொந்த ஊராயிருந்தால் மறுபடியும் போய்க் கேட்டுத் தெளியலாம். பிற மாநிலத்தில், மரத்துப்போன வாயோடு அரைகுறையாகப் புரிந்துகொண்ட இந்தியிலோ மராத்தியிலோ கேட்ட அறிவுரை, பஸ் ஏறி வீடு சேர்வதற்குள் பாதி மறந்துவிடுகிறது. இந்த இருவருக்கும் சரியான சிகிச்சையே நடந்திருக்கலாம் என்பதையும், அது எவ்வாறு என்பதையும் விளக்குவதே நமது நோக்கம்.

அந்த இளஞ்சிவப்புப் பொருளைப் பல் வைத்தியர்கள் ‘பாக்’ என்றும் ‘டிரெஸ்ஸிங்’ என்றும் கூறுவர். நாம் அதைக் காப்புப் பற்று என்போம். பற்று என்னும் சொல் நம் வீடுகளில் பழகிய சொல்தான். தலைவலிக்குச் சுக்கை அரைத்துப் பற்றுப் போடுகிறோம். அதன் காரம் உள்ளிறங்கி நோவைத் தணிப்பதாக நினைக்கிறோம். ஈறுகளின்மேல் வைக்கும் பற்றையும் அவ்விதமே மருந்து என்று எண்ணுவதில்தான் தவறு தொடங்குகிறது. இது புண்ணை ஆற்றுவதில்லை. புண்ணை ஆற்றுவது உடம்பு. பற்று, புண்ணின்மேல் போட்ட கூரை. கூரை வேண்டுமா வேண்டாமா என்பது கீழே இருக்கும் புண் திறந்ததா மூடியதா என்பதைப் பொறுத்தது.

ஈறு நோயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. நோயற்ற வாயில் அது 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமே இருக்கும். பற்காரையைச் சுரண்டி, வேரையும் சுத்தம் செய்த பிறகும் 5, 6 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் நிலைத்திருந்தால், ஈறுகளைக் கத்தியால் பிரித்து மடல்போல் விலக்கி, உள்ளே கண்ணுக்குத் தெரியும்படி சுத்தம் செய்து, மீண்டும் பழைய இடத்தில் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். இதுவே பெரும்பாலோருக்கு நடக்கும் சிகிச்சை. இங்கே புண்ணின் வாய் தையலால் மூடப்பட்டிருக்கிறது. ஈற்றுத் தசையே அதற்குக் காப்பாகிறது.

இரண்டாம் வகையில், அளவுக்கு மிஞ்சி வளர்ந்த ஈறு சீவி எடுக்கப்படுகிறது. வலிப்புக்கான ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபைன், அம்லோடிபைன் ஆகிய மருந்துகளை நெடுநாள் உண்பவர்களில் சிலருக்கு இவ்வாறு ஈறு தடித்துப் பல்லை மறைப்பது உண்டு. சீவிய இடத்தில் தைப்பதற்குத் தோல் இராது. புண் திறந்தே கிடக்கும். மூன்றாம் வகை, ஈறு கரைந்து வேர் தெரியும் இடத்தில் ஒட்டுப் போடுவது. ஒட்டுத் தசையை மேலண்ணத்திலிருந்து எடுப்பார்கள். ஆதலால் வாயில் இரண்டு புண்கள். ஒட்டிய இடம் அவ்வளவாக நோவதில்லை; எடுத்த இடமே பாடாய்ப் படுத்தும். அண்ணத்தில் நாக்கு ஓயாமல் உரசுகிறது, உண்ணும் கவளம் யாவும் அதன்மேல்தான் நசுங்குகின்றன. கை முட்டி சிராய்ந்தபின் அந்த இடத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருப்பதற்கு ஒப்பானது அது.

திறந்த புண் எப்படி ஆறுகிறது? முதலில் இரத்தம் உறைந்து ஒரு மெல்லிய ஆடை உண்டாகிறது. முதல் நாள் கழிவதற்குள்ளாகவே, புண்ணின் ஓரங்களிலுள்ள மேல்தோல் அணுக்கள் அந்த ஆடையின் கீழாக ஊர்ந்து வரத் தலைப்படுகின்றன. அவற்றின் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சீவிய ஈறின் மேற்பரப்பு 5 முதல் 14 நாட்களில் மூடிக்கொள்கிறது. மேல்தோல் முழு வலிமை பெற ஒரு மாதமும், அடித்தசை சீரடைய ஏழு வாரமும் ஆகின்றன. அண்ணத்துப் புண் மூட இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். இந்தக் கணக்கை எந்தப் பற்றும் பெரிதாக மாற்றிவிடுவதில்லை. உறைந்த ஆடை கலைந்துபோகாமலும், உணவும் காற்றும் பச்சைத் தசையில் படாமலும் முதல் சில நாட்களைக் கழித்துவிடுவதே பற்றின் வேலை. வலி மிகுந்திருப்பதும் அந்த முதல் சில நாட்களில்தான்.

இக்காலத்துப் பற்றுக்கு வழிகாட்டியவர் அமெரிக்கப் பல் வைத்தியர் ஏ. டபிள்யூ. வார்டு. 1923இல் அவர் ‘வொண்டர் பாக்’ என்னும் பெயரில் ஒன்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். துத்தநாக ஆக்ஸைடு என்னும் வெண்பொடியை யூஜினாலோடு குழைத்துச் செய்தது அது. உறுதிக்காகக் கல்நார் இழைகளும் சேர்த்திருந்தனர். கல்நார் நுரையீரலுக்குக் கேடு என்று தெரிந்தபின் அது கைவிடப்பட்டது. யூஜினால் என்பது கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி. 1800ஆம் ஆண்டளவில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் நட்டுப் பார்த்து, இன்று கன்னியாகுமரி மலைகளிலும் நீலகிரியிலும் விளைகிற அதே கிராம்புதான். அது நரம்பை மரக்கச் செய்யும் என்பதால், பற்று வைத்தவுடன் நோவு தணியும் என எண்ணினர். ஆனால் செறிந்த யூஜினால் பச்சைத் தசையின் அணுக்களை வாட்டுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. சிலருக்கு அது ஒவ்வாமல் வாய் சிவந்து எரிவதும் உண்டு. பற்றும் கல்லைப்போல் இறுகி ஓரங்களில் குத்தும்.

ஆகவே யூஜினால் இல்லாத பற்றுக்கள் தோன்றின. இன்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் மிகுதியாகக் காணும் ‘கோ-பாக்’ அந்த இனத்தது. இரண்டு குழாய்களில் வரும் பசைகளைச் சம அளவு பிதுக்கிக் குழைக்கிறார்கள். ஒன்றில் துத்தநாக ஆக்ஸைடு. மற்றொன்றில் தேங்காய் எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பமிலங்களும் பைன் மரப் பிசினும். இரண்டு மூன்று நிமிஷங்களில் ஒட்டும் தன்மை குறைந்ததும், விரலில் நீரோ வாஸ்லினோ தொட்டுக்கொண்டு திரிபோல் உருட்டி, பற்களின் இடுக்குகளில் அழுத்திப் பதிப்பார்கள். அது ரப்பர்போலச் சற்று நெகிழ்வாகவே இருக்கும். ஒரு சங்கதி கவனிக்கத் தக்கது: இப்பற்று ஈறுகளில் ஒட்டுவதில்லை. பல் இடுக்குகளில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே. ஆதலால் அது அசைவதும், ஓரத்தில் உடைவதும் ஆச்சரியமன்று.

கிராம்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை. சொத்தைப் பல்லின் குழியில் பஞ்சில் நனைத்த ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம் வேறு. அறுத்த ஈறின்மேல் அதைத் தடவுவது வேறு. பின்னது புண்ணைப் பொசுக்கும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின்மேல் அடக்கிக்கொள்வது அதனினும் தீது. அது அமிலம்; பட்ட இடத்தில் வெண்மையாகத் தோல் வெந்துவிடும், இரத்தக் கசிவும் பெருகும். மாத்திரை விழுங்குவதற்கே உரியது. அதுவும் வைத்தியர் எழுதித் தந்ததை மட்டும், ஊசியின் மரப்பு விலகுவதற்கு முன்னரே விழுங்கிவிடுவது நலம்.

இனி, எந்தப் பற்று மேல் என்று ஆராய்ச்சியாளர் எவ்வாறு கண்டறிகின்றனர்? இதில் ஒரு வசதியும் ஓர் இடைஞ்சலும் இருக்கின்றன. வசதி யாதெனில், ஒரே வாயின் வலப்புறத்தில் பற்று வைத்து, இடப்புறத்தை வெறுமே விட்டுவிடலாம். உடம்பும் உணவும் பழக்கமும் ஒன்றே. வேறுபாடு பற்று மாத்திரமே. வலியை அளப்பதற்கு 10 சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்றைக் கொடுத்து, ஒரு முனை ‘வலியே இல்லை’, மறுமுனை ‘பொறுக்கவொண்ணாத வலி’ எனக் கொண்டு, தம் நோவு எவ்விடம் என்று நோயாளியையே புள்ளியிடச் சொல்வார்கள். விழுங்கிய மாத்திரைகளையும் எண்ணுவார்கள். புண் மூடியதா என்றறிய ஒரு சாதுரியமான உபாயம் உண்டு. ஹைட்ரஜன் பெராக்ஸைடைப் புண்ணில் விட்டால், மேல்தோல் போர்த்தாத இடத்தில் நுரை பொங்கும். போர்த்திய இடத்தில் பொங்காது. நுரை நின்ற நாளே புண் மூடிய நாள். இடைஞ்சல் எதுவென்றால், தம் வாயில் பற்று இருப்பது நோயாளிக்குத் தெரியாமல் இராது. மாத்திரைச் சோதனையில் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து மறைப்பதுபோல் இதை மறைக்க இயலாது. நமக்கு ஏதோ காப்பு இருக்கிறது என்ற தைரியமே வலியைக் குறைக்கக் கூடும். ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்ற அருவருப்பு அதைக் கூட்டவும் கூடும்.

இப்படிப் பார்த்ததில் கிடைத்த முடிவுகள் ஒரேமுகமாக இல்லை. 1961இல் லோ, சில்னஸ் என்னும் ஸ்காண்டிநேவிய அறிஞர் இருவர், ஈறு சீவிய புண்களை ஆராய்ந்து, வாய் துப்புரவாக இருக்குமாயின் புண் ஆறுவதில் பற்றின் பங்கு சிறிதே என்ற கருத்தை வெளியிட்டனர். தைத்து மூடிய மடல் சிகிச்சையில் பற்று வைத்த பக்கமும் வைக்காத பக்கமும் ஒன்றுபோலவே ஆறின என்று 1983இல் அமெரிக்காவில் ஆலன், கஃபெஸ்ஸே இருவரும் கண்டனர். பற்று வைத்த பக்கத்தில்தான் அசௌகரியம் என்று கூறிய ஆய்வும் உண்டு. முதல் இரண்டு மூன்று நாட்களில் பற்று இருந்த பக்கமே நோவு குறைந்திருந்தது என்று கூறும் அண்மைக்கால ஆய்வுகளும் உண்டு. எமது கருத்தில், இவை ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஆறுவது வேறு, நோவது வேறு. ஆறும் வேகத்தில் பற்றால் இலாபம் இல்லை என்பதை ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். நோவைப் பொறுத்தவரை, மூடிய புண்ணில் பயன் சொற்பம். திறந்த புண்ணில் பயன் மெய்யானது. தையல் மட்டும் போட்டு அனுப்பப்பட்ட நண்பர் மனம் புழுங்க வேண்டியதில்லை.

பற்றுக்கு ஒரு விலையும் உண்டு. அதன் அடியிலும் மேலிலும் அழுக்குப் படிகிறது, கிருமி பெருகுகிறது, நான்காம் ஐந்தாம் நாளில் வாய் நாறும். பற்றில்லாதவர் குளோர்ஹெக்ஸிடின் கலந்த நீரால் கொப்பளித்துப் புண்ணைத் தூய்மையாக வைக்கலாம். 1970இல் லோவும் ஷியாட்டும் செய்த சோதனைக்குப் பிறகே இம்மருந்து பல் வைத்தியத்தில் தலையெடுத்தது. 0.2 சதவீதக் கரைசலில் 10 மில்லிலிட்டரை ஒரு நிமிஷம் வாயில் வைத்திருந்து துப்புவது வழக்கம், நாளைக்கு இருமுறை. பற்று வந்தபின் பற்று, கொப்பளிப்பு வந்தபின் கொப்பளிப்பு என்று சில வைத்தியர்கள் பழையதைக் கைவிட்டதற்கு இதுவே காரணம். ஆயினும் இம்மருந்து நாக்கின் சுவையைச் சில நாள் மாற்றும். பல்லில் பழுப்புக் கறை ஏற்றும். காப்பி, டீ அருந்துவோருக்குக் கறை இன்னும் அதிகம். டிகாக்ஷன் இல்லாமல் பொழுது விடியாத நம்மவர் இதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. கறை பின்னர் வைத்தியர் தேய்த்தால் போய்விடும்.

அண்ணத்துப் புண்ணுக்குக் கதையே வேறு. மேலண்ணத்தில் பற்று மாட்டிக்கொள்ள இடுக்கு இல்லாததால், சாதாரணப் பற்று அங்கே நிற்பதில்லை. ஒரு வழி, சிகிச்சைக்கு முன்பே வாயின் அச்செடுத்து, பல்செட்டின் தகடுபோல மெல்லிய பிளாஸ்டிக் தகடு செய்துகொண்டு, அதைப் புண்ணின்மேல் அணிந்துகொள்வது. செலவு குறைவு, கழற்றிக் கழுவலாம், உண்ணும்போது அணிந்தால் நோவு வெகுவாகத் தணிகிறது. இதைப் பல இடங்களில் கேட்டால்தான் செய்து தருகிறார்கள் என்பதால், கேட்டுவிடுவதே மேல்.

மற்றொரு வழி சயனோ அக்ரிலேட் என்னும் பசை. 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற ரசாயன அறிஞர், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடுகையில் தற்செயலாகக் கண்டது இது. ஈரம் பட்ட மாத்திரத்தில் சில விநாடிகளில் இறுகி மெல்லிய ஆடையாகப் படியும். வியட்நாம் போரில் காயங்களின் இரத்தப்போக்கை நிறுத்த இதைத் தெளித்தார்கள். வாய்ப்புண்ணில் சில நாள் நின்று தானே உதிர்ந்துவிடும். இரத்தம் நிற்கிறது, எரிச்சல் குறைகிறது. கடையில் செருப்பும் பொம்மையும் ஒட்ட விற்கும் பசையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்று கேள்விப்பட்டு, அதை வாயில் இட்டுக்கொள்ளும் விபரீதம் கூடவே கூடாது. கடைப் பசை சூட்டை எழுப்பித் தசையைக் கெடுக்கும். வைத்தியத்துக்கு உரியது வேறு ரகம்.

அண்மைக் காலத்தில் நோயாளியின் இரத்தத்திலிருந்தே காப்பு செய்கிறார்கள். 2001இல் பிரான்சில் ஷூக்ரூன் என்பவர் வகுத்த முறை அது. கையிலிருந்து எடுத்த இரத்தத்தில் வேறெதுவும் கலவாமல், குழாயோடு இயந்திரத்தில் இட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகமாகச் சுழற்றினால், நடுவே மஞ்சள் கலந்த வெண்ணிற ஃபைப்ரின் கட்டி திரள்கிறது. அதை அழுத்தி ஆடையாக்கி அண்ணத்தில் வைத்துத் தைக்கிறார்கள். இதைப் பற்றிய ஆய்வுகளில் கணிசமான பங்கு நம் நாட்டுப் பல் வைத்தியக் கல்லூரிகளிலிருந்து வெளிவந்தது. பெரும்பாலானவை, அண்ணத்தை வெறுமே விடுவதைவிட நோவு குறைகிறது, புண்ணும் சற்று முன்னதாக மூடுகிறது என்கின்றன. ஒவ்வொரு ஆய்விலும் நோயாளிகள் சிலரே என்பதையும் மறத்தலாகாது. கொலாஜன் தகடு மற்றொரு வகை. அது மாட்டின் தோலிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்கப்படுவது. சைவ உணவினர் மனம் ஒப்பாதவராயின் முன்பே சொல்லிவிட வேண்டும். தகடும், பசையும், சொந்த இரத்தத்தின் ஆடையும் இருக்கையில் இது ஒன்றே கதி என்பதில்லை.

பற்றை வழக்கமாக ஏழாம் நாள் எடுப்பார்கள். அதற்குமுன் சிறு துண்டு உடைந்து வயிற்றுக்குள் போனால் கெடுதியில்லை. முதல் இரண்டு நாட்களுக்குள் முழுதும் கழன்று, நோவோ இரத்தமோ இருந்தால் திரும்பிப் போக வேண்டும். ஐந்தாம் நாள் விழுந்து, உறுத்தல் இல்லையென்றால் வைத்தியரிடம் தெரிவித்து அப்படியே விட்டுவிடலாம். நாமே நகத்தால் நெம்பி எடுப்பது தகாது. தையல் அதில் சிக்கியிருந்தால் ஈறும் கூடவே வரும். இரத்தம் கசிந்தால் நனைத்த சுத்தமான துணியை மடித்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். அதற்கும் நிற்காவிட்டாலும், மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் ஏறினாலும், காய்ச்சல் கண்டாலும் தாமதிக்கலாகாது. நீரிழிவு உள்ளவருக்கும் புகைப்பவருக்கும் எந்தப் பற்றை வைத்தாலும் ஆறுவது மந்தமே. இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பவர் அதைச் சிகிச்சைக்கு முன்னரே தெரிவிப்பது கட்டாயம்.

வெளி மாநிலத்தார் செய்யும் ஒரு பிழையை இங்கே குறிப்பிட வேண்டும். லீவு எடுத்தது எடுத்ததாயிற்று என்று, சிகிச்சையை முடித்துக்கொண்டு மூன்றாம் நாளே ஊருக்கு ரயிலேறிவிடுகிறார்கள். டில்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவுப் பயணம். வழியில் பற்று கழன்றாலோ இரத்தம் கசிந்தாலோ போபாலில் இறங்கிப் பல் வைத்தியரைத் தேட முடியுமா? பற்று எடுக்கும் நாளும் ஊரில் இருக்கும்போது வந்துவிடும். அங்குள்ள வைத்தியருக்கு எங்கே எத்தனை தையல் என்பது தெரியாது. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பாகச் சிகிச்சையை வைத்துக்கொள்வதே முறை. தவிர்க்க முடியாவிட்டால், என்ன செய்தார்கள், என்ன வைத்தார்கள் என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

உணவில் நமக்குக் குறையில்லை. ஆறிய தயிர் சாதம், மோரில் ஊறிய இட்லி, காரமில்லாத பருப்புச் சாதம் ஆகியவை முதல் மூன்று நாளுக்குப் போதும். விடுதியில் உண்பவர் ரொட்டியைப் பருப்பில் ஊறவைத்து மறுபக்கத்தால் மெல்லலாம். முறுக்கும் அப்பளமும் இரண்டு வாரம் காத்திருக்கட்டும்.

கொல்கத்தாவில், டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920இல் தொடங்கி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் பல் வைத்தியக் கல்லூரியிலும், மும்பையில் நாயர் ஆஸ்பத்திரியின் பல் வைத்தியக் கல்லூரியிலும், டில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிலையத்திலும், பெங்களூரில் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரியிலும் ஈறு நோய்க்கென்று தனித் துறை உண்டு. அங்கே சீட்டு எழுதுமிடத்தில் ‘பல் வலி’ என்று பொதுவாகச் சொன்னால் பல் பிடுங்கும் வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். ஈறு என்பதற்கு அவ்வவ்வூர்ச் சொல்லைத் தெரிந்து செல்ல வேண்டும். இந்தியில் ‘மசூடா’, மராத்தியில் ‘ஹிரடி’, தெலுங்கில் ‘சிகுரு’, கன்னடத்தில் ‘வசடு’. மலையாளத்தில் ‘மோண’ என்பது நம் காதுக்கு அந்நியமன்று. வங்காளத்திலோ ‘மாடி’ என்கிறார்கள். மாடியில் வலியா என்று டாக்டர் கேட்டால் வீட்டைப் பற்றியதன்று. பற்று விழுந்துவிட்டதென்று டில்லியில் சொல்ல, ‘பாக் நிகல் கயா’ என்றால் போதும். வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே அழைத்துப் பார்ப்பதும் உண்டு.